முள் அல்ல

எனக்கு வந்தது தொண்டைப் புற்றுநோய். இதை முதல் வரியிலேயே எழுதி வைக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கு மேலாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. ஊருக்குச் சொல்லப்பட்ட கதை வேறு: கொய் மீன் முள் தொண்டையில் ஏறி, உள்ளே புண்ணாகி, கொழும்பில் டாக்டர்மார் அதை எடுத்துவிட்டார்கள் என்பது. மட்டக்களப்பில் இந்தக் கதையை நம்ப யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. வாவி நிறைய மீன், மீன் நிறைய முள், வீட்டுக்கு ஒருவராவது முள் விழுங்கித் தவித்தவர்.

நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் குணமான நாளோடு எழுத்தை முடித்துவிடுகிறார்கள். என்னால் அப்படி முடிக்க இயலாது. அந்த நாள் எனக்கு வந்துவிட்டதா என்பது என் டாக்டருக்கே தெரியாது. அவர் அதை மறைக்கவும் இல்லை. ஆகவே சிகிச்சையைச் சுருக்கமாகவும் அதற்குப் பிறகு வந்தவற்றை விரிவாகவும் எழுதுகிறேன். எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பயம் மிச்சமாகியிருக்கும்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்கிறேன். கொழும்பில் பயிற்சி பெற்றவள். யாராவது டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றினால் பலகையில் அவருடைய இலக்கத்துக்கு மேல் உள்ள சிறிய மூடி விழும். நான் கோர்டைச் செருகி, “நம்பர் பிளீஸ்” என்று கேட்டு, இணைப்புக் கொடுப்பேன். கொழும்புக்கு ட்ரங் கோல் என்றால் இடையிலுள்ள நிலையங்களைப் பிடித்து, குரல் போய்ச் சேருகிறதா என்று நானே பேசிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். மழைநாளில் கம்பிகள் இரையும்போதும் என் குரல் மறுமுனையில் தெளிவாகக் கேட்கும் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அந்தக் குரல் ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் கரகரத்தது.

“கொய் மீன் திண்ட அண்டைக்குத்தானே துவங்கின. முள்ளுதான் புள்ள, வேற ஒண்ணும் இல்ல” என்றார் அம்மா. அப்பா இறந்த பிறகு வீட்டில் அம்மா, நான், தங்கை லில்லி மூன்று பேர்தான். அம்மா தீர்மானித்தால் அது தீர்மானம். முதலில் சோற்றை உருண்டையாக்கி மெல்லாமல் விழுங்கச் சொன்னார். பிறகு கதலிப் பழம். பிறகு சித்தாண்டியில் முள்ளுக்குத் தண்ணீர் ஓதிக் கொடுக்கும் பரிசாரியார். அவர் என் தொண்டையைப் பார்க்கவில்லை. “என்ன மீன்?” என்று மட்டும் கேட்டார்.

“கொய்.”

“கொய் முள்ளு வளையும். மெதுவாத்தான் இறங்கும்” என்றார். அம்மா எதையோ வென்றதுபோல என்னைப் பார்த்தார்.

மழை முடிந்தது. வயல் வட்டைகளில் அறுவடையும் முடிந்தது. முள் இறங்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் எங்கள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, “நீர் சொல்லுறது ஆக்களுக்கு விளங்கல்லையாம். ஆசுப்பத்திரிக்குப் போம்” என்றார். அவர் கோபத்தில் சொன்னதை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சிறிய வட்டக் கண்ணாடி ஒன்றை ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கினார். மூச்சுப் பட்டு மங்காமல் இருக்கத்தான் அந்தச் சூடு. என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, கண்ணாடியை உள்ளே வைத்து, நெடுநேரம் பார்த்தார். “முள் இல்லை. குரல்நாணில் ஒரு தடிப்பு இருக்கிறது” என்றார். குரல்நாண் என்பது மூச்சுக்குழலின் வாசலில் எதிரெதிரே இருக்கும் இரண்டு மடிப்புகள். பேசும்போது சேர்ந்து அதிரும், மூச்சு விடும்போது விலகும். ஒன்றில் தடிப்பு வந்தால் சரியாகச் சேராது. இடையில் காற்றுக் கசியும். அந்தக் கசிவுதான் என் கரகரப்பு. எனக்கு இது உடனே விளங்கியது. பிளக் துளையில் சரியாகப் பொருந்தாவிட்டால் எங்கள் பலகையிலும் அப்படித்தான் இரையும்.

கொழும்பில் அந்தத் தடிப்பிலிருந்து ஒரு சிறு துண்டைக் கிள்ளிப் பரிசோதித்தார்கள். முடிவை டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே எனக்கு வந்த செய்தியை நானே அம்மாவுக்கு இணைப்புக் கொடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “அப்ப முள்ளு இல்லையாமா?”

கதிர் சிகிச்சை என்பது இது. கண்ணுக்குத் தெரியாத, படும்போது சூடும் தெரியாத ஒரு கதிரை நோயுள்ள இடத்தில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். அது புற்றைக் கொல்லும்; பக்கத்தில் இருப்பதையும் சுடும். கழுத்தில் ஊதா மையால் கோடு கீறினார்கள், கழுவக் கூடாது என்றார்கள். கனமான கதவை மூடிவிட்டு எல்லோரும் வெளியே போவார்கள். இயந்திரமும் நானும் மட்டும் இருப்போம். அதில் நோவு இல்லை. நான் பயந்தது வெளியே நீண்ட மர வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும் நேரத்துக்குத்தான். எல்லோருடைய கழுத்திலும் ஊதாக் கோடு. யாருடையது சிவந்திருக்கிறது, யாருடையது தோல் உரிந்திருக்கிறது என்று பார்த்து, நாளைக்கு நான் எப்படி இருப்பேன் என்று அறிந்துகொள்ளலாம்.

பாதிக் காலத்துக்குப் பிறகு எச்சில்கூட விழுங்க முடியவில்லை. அம்மா கொழும்பில் தூரத்து உறவினர் வீட்டில் தங்கி, அவர்கள் அடுப்பு ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்துக் கஞ்சி வைத்து, துணியில் வடித்து, பிளாஸ்கில் கொண்டு வருவார். மொழி தெரியாத ஊரில் பஸ் மாறி வருவார். ஒருநாள் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் பொறுப்பான நர்ஸ் மிஸி நேரம் கடந்துவிட்டது என்று கையைக் காட்டித் தடுத்தபோது, அம்மா பிளாஸ்கைத் திறந்து அவருடைய மூக்குக்கு நேரே பிடித்தார். கஞ்சி வாசத்துக்கு மிஸி வழி விட்டார்.

சிகிச்சை முடிந்ததும் டாக்டர் சில வாரம் பேசவே கூடாது என்றார். அம்மா என் வாயானார். திரும்பி வந்த ரயிலில் எதிரே இருந்த சித்தாண்டிப் பெண் ஒருவர் என் கழுத்தின் கறுப்பைப் பார்த்து, “என்னகா புள்ளைக்கு?” என்று கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமலே, “முள்ளு” என்றார். எங்கள் பெட்டிகள் வீட்டுக்கு வரும் முன்னே அந்த முள் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஏன் என்று எனக்குத் தெரியும். லில்லிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். புற்று வந்த குடும்பம் என்றால் யாரும் படியேற மாட்டார்கள் என்பது அம்மாவின் பயம். அது வீண் பயம் என்று சொல்ல மாட்டேன்.

இனி, யாரும் எனக்குச் சொல்லாதவை.

எச்சில் நூல்போலத் தடித்துவிடும், பிறகு வற்றிவிடும். சின்னப் போத்தலில் தண்ணீர் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. எல்லாம் ஈரச் சாக்கின் ருசியாக இருக்கும். முதலில் திரும்பி வருவது இனிப்பு அல்ல, எனக்குப் புளிப்பு வந்தது. காலையில் எழுந்தால் தாடைக்குக் கீழே ஒரு வீக்கம் தொங்கும். அதைப் புதுக் கட்டி என்று நினைத்து முதல்நாள் அழுதேன். அது கட்டி அல்ல. கழுத்திலிருந்து நீர் வடிகிற நுண்ணிய வழிகளைக் கதிர் சுட்டுவிட்டதால் படுத்திருக்கும்போது நீர் தேங்குகிறது; எழுந்து நடமாடினால் மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். காது குத்தும். காதில் ஒன்றும் இருக்காது. தொண்டையின் நோவுதான் அங்கே போய்ப் பேசும். களைப்பு, நித்திரையால் போகாத களைப்பு. ஒவ்வொரு சளித் தடிமனுக்கும் ஒரு மரண பயம்.

எக்ஸ்சேஞ்சில் பழுதுகளுக்குப் பெயர் உண்டு. கம்பி அறுந்தது, கம்பி நிலத்தில் பட்டது, இரண்டு கம்பி ஒட்டியது. இவையெல்லாம் நல்ல பழுதுகள், தேடினால் அகப்படும். எல்லோரும் வெறுப்பது விட்டு விட்டு வரும் பழுதை. ஆள் போய்ப் பார்க்கும்போது லைன் தெளிவாக இருக்கும், அவர் திரும்பி வந்ததும் இரையும். அப்படிப்பட்ட லைனை யாரும் வெட்டி எறிவதில்லை. கவனித்துக்கொண்டே பயன்படுத்துவோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழும்புக்கு வரச் சொன்ன டாக்டரிடம், “நான் குணமா?” என்று கேட்டேன். “சில வருடங்கள் போனால்தான் அந்தச் சொல்லைப் பாவிப்பேன். அதுவரை கவனிப்போம்” என்றார். எனக்குப் பழக்கமான பதில். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் பழக்கமானது.

வீட்டில் பெரிய இரக்கங்கள் ஒன்றும் நடக்கவில்லை, சின்னவை நடந்தன. கறியில் மிளகாய் நின்றது. எனக்கு மட்டும் அல்ல, வீடு முழுவதற்கும். லில்லி என் கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் வைப்பதை ஒரு நாளும் மறக்கவில்லை. அம்மா என் சோற்றுக் கோப்பைக்கு வரும் மீனை விரலால் உதிர்த்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தார். முள் இல்லை என்று என் வாயாலேயே கேட்டவர் அவர். ஆனாலும் அவர் விரல்கள் அந்தக் கதையை நம்பின.

வேலைக்குத் திரும்பினேன். குரல் தடித்து, இறங்கி, அடியில் மணல் கிடப்பதுபோல இருந்தது. “நம்பர் பிளீஸ்” என்றால், “ஆரு தம்பி புதுசா?” என்று கேட்டார்கள். அரசாங்கக் கச்சேரியில் இருந்து எடுக்கும் ஒரு பெரியவர், “தம்பி, முந்தி ஒரு நல்ல பிள்ளை இருந்தவ, எங்க?” என்றார்.

“அவதான் இது. நம்பரைச் சொல்லுங்கோ” என்றேன்.

மேலதிகாரி என்னைப் பில் எழுதும் மேசைக்கு மாற்றப் பார்த்தார். குரல் அழகாக இருக்க வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது, விளங்கினால் போதாதா என்று கேட்டேன். கல்முனையையும் வாழைச்சேனையையும் பிடித்து அவர் முன்னாலேயே பேசிக் காட்டினேன். இரண்டு இடத்திலும் விளங்கியது. பலகை எனக்கே இருந்தது.

இப்படி ஒரு வருடம் ஓடியபோது லில்லிக்குத் தேற்றாத்தீவில் மாப்பிள்ளை சரிவந்தது. கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். கோவிலில் முதலாம் ஓலை வாசித்தார்கள். எங்கள் கத்தோலிக்க வழக்கம் தெரியாதவர்களுக்கு: இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பார்கள். இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அந்த வாரங்களில் என் குரல் மறுபடி இறங்கத் தொடங்கியது. காலையில் சிலவேளை வெறும் காற்றுத்தான் வந்தது. கிளினிக் நாள் கலியாணத்துக்குப் பிறகுதான். நான் யாருக்கும் சொல்லவில்லை.

ரவிக்கை தைக்க மாக்கிரட் அக்கா வந்தார். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு. தனி ஆள், ஒரு தையல் மெசின், வாய் நிறைய வெற்றிலையும் புகையிலையும். குண்டூசிகளை உதட்டில் கடித்துக்கொண்டே ஊர்க் கதை முழுவதும் சொல்லக்கூடியவர். அன்றைக்கு ஊசி இருந்தது, கதை இல்லை. மாப்பிள்ளையின் தாயாரும் ரவிக்கையைப் பார்க்க வந்து மரக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். லில்லி கையிரண்டையும் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றாள்.

அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். மாக்கிரட் அக்கா ஊசியை எடுத்துவிட்டு ஒரு மிடறு குடித்தார். தலையை ஒரு பக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி, விழுங்கினார். நானும் அப்படித்தான் ஒரு பக்கம் திருப்பி விழுங்கியவள்.

“தொண்டைக்கு என்ன அக்கா?”

“உனக்கு வந்ததுதான் புள்ள” என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் என் முதுகு நிமிர்ந்தது. காற்றுக் கசிகிற குரல். “முள்ளு. வைகாசியில மணலை மீன் திண்டு ஏறினது. இறங்குதே இல்ல. இப்ப தேத்தண்ணியில நனைச்ச பாணும் இறங்குதில்ல.”

“டாக்குத்தரிட்டக் காட்டினீங்களா?”

“என்னத்துக்கு? உனக்குக் கொழும்புல எடுத்து என்ன கண்டது? கத்தி வச்சுத்தான் உன்ட குரல் போயிட்டெண்டு ஊரே சொல்லுது. குறை நினைக்காத. நான் சித்தாண்டிப் பரிசாரியாரிட்ட ஓதிக்கிறன். அவர் கத்தி வைக்க மாட்டார். கொஞ்சம் மெதுவாத்தான் இறங்குமாம்.”

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பேசாதே என்ற பார்வை. டாக்டர் பேசாதே என்று சொன்ன வாரங்களில் நான் அதற்குப் பழகிவிட்டேன் என்று நினைத்திருப்பார். நான் யோசித்தது நீண்ட நேரம் இல்லை. ஒரு பக்கத்தில் தங்கையின் கலியாணம். மறுபக்கத்தில் பாண் இறங்காத ஒரு தொண்டை. கலியாணம் நின்றால் வேறு கலியாணம் பார்க்கலாம்.

“அக்கா, எனக்கு வந்தது முள்ளு இல்ல. புற்றுநோய். கத்தி வைக்கவும் இல்ல, கதிர் வச்சவங்க. அதாலதான் குரல் இப்படி. அது வைக்காட்டி நான் இண்டைக்கு இந்தக் குரலிலயும் கதைக்க மாட்டன்.”

 

மாக்கிரட் அக்கா உதட்டில் மிச்சமிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னத் தலையணையில் குத்தினார். மாப்பிள்ளையின் தாயார் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்தார்.

“நான் கைய இறக்கலாமா?” என்று கேட்டாள் லில்லி.

“தொத்துமா?” என்று மாப்பிள்ளையின் தாயார் என்னிடம் நேராகவே கேட்டார். அந்த நேர்மைக்காக எனக்கு அவரைப் பிடித்தது.

“தொத்தாது மாமி. தொத்துமெண்டா, நான் குடிச்ச மிச்சத்தக் குடிக்கிற இவளுக்கு எப்பவோ வந்திரிக்கும்.”

“எங்களிட்ட ஏன் மறைச்ச?” இது அம்மாவிடம்.  பிறகு மாமி குடையை எடுத்துக்கொண்டு, “வாறன்” என்று மட்டும் சொல்லிப் போனார்.

அம்மாவின் கோபம் சத்தமில்லாதது. எல்லோரும் போன பிறகு, “மூண்டாம் ஓலைக்கு ஒரு ஞாயிறுதானே இருந்தது. ஒள்ளுப்பம் பொறுக்க ஏலாதா உனக்கு?” என்றார்.

“அவட தொண்டை பொறுக்குமா அம்மா?”

“அவ ஆரு நமக்கு?”

“நாம சொன்ன முள்ளை நம்பினவ.”

அம்மா குசினிக்குள் போய்விட்டார். லில்லி பாதி தைத்த ரவிக்கையோடு என் பக்கத்தில் இருந்தாள். “நல்லதுகா. ஆருக்கு எந்த மீனச் சொன்னம் எண்டு எனக்கு ஞாபகம் வச்சிரிக்க ஏலாம இருந்தது. ஒராளிட்ட நான் ஓரா எண்டு சொல்லிப்போட்டன்” என்றாள். சிரித்தோம். பிறகு அவள் கொஞ்சம் அழுதாள்.  இரவுச் சாப்பாட்டில் அம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் என் சோற்றுக் கோப்பையில் மீன் உதிர்த்து வைத்திருந்தது, முள் இல்லாமல்.

தேற்றாத்தீவிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. வெள்ளிக்கிழமை நான் பலகையில் இருந்தபோது சங்கக்கடை லைன் வந்தது. “நம்பர் பிளீஸ்” என்றேன்.

“மச்சாளா?” மாப்பிள்ளையின் குரல்.

“ஓம். நம்பரைச் சொல்லுங்கோ.”

“நம்பர் இல்ல மச்சாள். உங்களோடதான் கதைக்க எடுத்தன். அம்மா ரெண்டு நாளா ஒருத்தரோடயும் கதைக்கல்ல. இண்டைக்குக் காலமதான் வாயத் திறந்தா.”

“என்ன சொன்னவ?”

“அந்தப் புள்ள கொழும்புக்குப் போகக்குள்ள துணைக்கு ஆரு போறதெண்டு கேட்டா.”

வேறு இரண்டு மூடிகள் விழுந்து கிடந்தன. “லைனை விடுங்கோ, ஆக்கள் காத்திரிக்காங்க” என்றேன். 

மூன்றாம் ஓலையில் தடை சொல்ல யாரும் எழும்பவில்லை. மாக்கிரட் அக்கா ரவிக்கையை முடித்துத்தான் தருவேன், பிறகுதான் ஆசுப்பத்திரி என்று அடம்பிடித்தார். “நீ வெருட்டினாப்போல நான் கலியாணப் பொம்பிளைய பாதி தைச்ச ரவிக்கையோட கோயிலுக்கு அனுப்ப மாட்டன்” என்றார். புகையிலையை மட்டும் நிறுத்தினார். கலியாணம் முடிந்த அடுத்த வாரம், என் கிளினிக் நாளுக்கு, அக்காவும் நானும் துணைக்கு அம்மாவும் கொழும்பு ரயில் ஏறினோம். அம்மாவும் அக்காவும் எதிரெதிரே இருந்தும் பொலன்னறுவை தாண்டும்வரை ஒருவரோடொருவர் பேசவில்லை. பிறகு அம்மா பிளாஸ்கைத் திறந்து கஞ்சியை ஊற்றி அவர் பக்கம் நீட்டினார். “வடிச்சது. முள்ளு... இதுல ஒண்ணும் இல்ல” என்றார்.

கிளினிக்கில் அதே வாங்கு. வேறு கழுத்துகள், அதே ஊதாக் கோடு. மாக்கிரட் அக்கா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் மிஸியிடம் கேட்டு, அக்காவையும் என்னோடு உள்ளே கூட்டிப்போனேன். முதலில் கதிரையில் நான் உட்கார்ந்தேன். கண்ணாடியைச் சூடாக்குவது எதற்கு, நாக்கை இழுப்பது எதற்கு என்று அவர் கண்ணால் காணட்டும் என்பது ஒரு காரணம். முடிவு கெட்டதானால், அதைக் கேட்ட பிறகும் ஒருத்தி கதிரையிலிருந்து எழும்பி நடப்பாள் என்று காணட்டும் என்பது மறு காரணம்.

டாக்டர் வழமையைவிடக் கூடுதலாகப் பார்த்தார். கழுத்தை இரண்டு பக்கமும் தடவினார்.

“வீங்கியிருக்கிறது, வறண்டிருக்கிறது. கதிரின் விளைவு. கூடுதலாகப் பேசுகிறீர்களா?”

“அது என் வேலை.”

“புது வளர்ச்சி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குப் பார்த்த அளவில்.”

“இனி வராது என்று சொல்ல முடியுமா?”

“முடியாது. மூன்று மாதத்தில் வாருங்கள்.”

இந்தப் பதிலுக்கு நான் முன்பெல்லாம் உடைந்துபோவேன். அன்று உடையவில்லை. மூன்று மாதம் என்பது எனக்குக் கிடைத்தது, பறிபோனது அல்ல. அது முடிய அடுத்த மூன்றைக் கேட்டு வாங்குவேன். எழும்பி, கதிரையை அக்காவுக்குக் கொடுத்தேன்.

அக்காவின் தொண்டையில் இருந்ததை டாக்டர் கண்ணாடி வைத்த உடனேயே கண்டார். சதைத் துண்டு எடுத்தார்கள். சில நாளில் முடிவு வந்ததும் வாட்டில் வைத்துக்கொண்டார்கள். ஆரம்பம் இல்லையாம், கை விட்டுப் போகவும் இல்லையாம். “இன்னும் சில மாதம் தண்ணீர் ஓதியிருந்தால் நான் இவருக்குச் சொல்வது வேறாக இருந்திருக்கும்” என்றார் டாக்டர். அக்காவுக்கு நான்தான் இணைப்புக் கொடுத்தேன், ஒரு சொல்லும் குறைக்காமல்.

“செத்துப்போவனா புள்ள?” என்று கேட்டார்.

“தெரியாது அக்கா. எனக்கும் தெரியாது. ஆனா எச்சில் நூலாகும், அது தெரியும். காலமேல தாடைக்குக் கீழ வீங்கும், அது கட்டி இல்ல. காது குத்தும், காதுல ஒண்ணும் இராது. புளிப்புத்தான் முதல்ல திரும்பி வரும். இதெல்லாத்தையும் நான் உங்களுக்கு முன்னுக்குப் போய்ப் பாத்திட்டன்.”

மறுநாளோடு என் லீவு முடிய இருந்தது. வாட்டில் மொழி தெரியாத, யாருமில்லாத ஒருவரை எப்படி விட்டுப் போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா என் பையைக் கையில் தந்தார். “நீ போ. பலகையில ஆள் வேணும். நான் நிக்கிறன். எனக்கு இஞ்ச பஸ் எல்லாம் தெரியும்” என்றார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் மாக்கிரட் அக்காவைக் காட்டி, “இவவுக்கு என்ன வருத்தம்?” என்று அம்மாவிடம் விசாரித்தார். நான் வாசலில் நின்றேன்.

அம்மா ஒருமுறை விழுங்கிக்கொண்டார். “புற்று” என்றார். “என்ட மகளுக்கும் அதுதான் வந்தது. அந்தா நிக்கிறா.”

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு பின்னேரம், கொழும்பிலிருந்து ட்ரங் கோல் ஒன்று என் பெயருக்கே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தபால் கந்தோரிலிருந்து அம்மா எடுத்திருந்தார். “கதிர் முடிஞ்சி சில கிழமையாச்சு. கஞ்சி குடிக்கிறா. மிஸியோட ஒருக்கா சண்டை. உன்னோட ஒரு சொல்லுக் கதைக்கோணுமெண்டு நிக்கிறா, டாக்குத்தர் ஒள்ளுப்பம் கதைக்கலாம் எண்டவர், இந்தா” என்று மூச்சு விடாமல் சொல்லி, ரிசீவரை அக்காவிடம் கொடுத்தார்.

மறுமுனையில் ஒரு இரைச்சல் வந்தது. காற்றும் மணலும் கலந்த சத்தம். அதற்குள் ஒரு சொல்லைத் தேடிப் பிடித்தேன். “புளிப்பு” என்றது அந்தச் சத்தம். “புளிப்பு வந்திட்டு, புள்ள.”

“நான் சொன்னன்தானே” என்றேன். எனக்கும் அன்று காலையிலிருந்து பாதிக் குரல்தான்.

இடையில் கொழும்பு ஒபரேட்டர் நுழைந்தார், இளம் குரல், என் பழைய குரல் போலவே தெளிவு. “மட்டக்களப்பு, உங்கள் லைன் பழுது. இரண்டு பக்கமும் ஒரே இரைச்சல். வெட்டிவிட்டு வேறு லைன் தரட்டுமா?”

“லைனில் பழுது ஒன்றும் இல்லை, கொழும்பு” என்றேன். “அது எங்கள் குரல். வெட்ட வேண்டாம்.”